தண்ணீரை மேலே ஏற்றுவது எந்த மின்சாரம்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

குந்தா நீரேற்று மின் திட்டத்தில் கிடைக்கும் மின்சாரத்தைவிட, தண்ணீரை மேலே ஏற்றச் செலவாகும் மின்சாரம் அதிகமாமே. நட்டத்துக்காகவா மலையைக் குடைகிறார்கள்? இதனால் கார்பன் எப்படிக் குறையும்?
ச., கோத்தகிரி

அன்புள்ள ச. அவர்களுக்கு,

நீங்கள் கேள்விப்பட்டது சரிதான். மின்சாரம் மிஞ்சும்போது கீழ் அணைத் தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றி வைத்து, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுப்பதுதான் நீரேற்றுத் திட்டம். ஆயிரம் லிட்டர் தண்ணீர் 100 மீட்டர் இறங்கும்போது அதிலுள்ள ஆற்றல் 0.27 யூனிட். டர்பைனும் ஜெனரேட்டரும் பத்தில் ஒரு பங்கை விழுங்க, கைக்கு வருவது 0.245. அதே தண்ணீரைத் திரும்ப ஏற்ற 0.30 வேண்டும். சுரங்கக் குழாயின் உராய்வும் மின்மாற்றி இழப்பும் போக, 100 யூனிட் போட்டால் 75 முதல் 80 வரை திரும்பும்.

அந்த 100 யூனிட் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். நிலக்கரி மின்சாரம் என்றால் யூனிட்டுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கார்பன் டை ஆக்சைடு. இரவில் அதை வைத்து ஏற்றினால், திரும்பி வரும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 1.25 கிலோவுக்கு மேல் ஆகிவிடும். மாலையில் நேரடியாக நிலக்கரியை எரித்திருந்தாலே புகை குறைந்திருக்கும்! நண்பகலில் எடுக்க ஆளில்லாமல் நிறுத்தச் சொல்லும் சூரிய மின்சாரத்தால் ஏற்றினால் புகையே கிடையாது.

வெயில் இருக்கும்போது ஏன் நிறுத்தச் சொல்கிறார்கள்? அனல் நிலையத்தைப் பகலில் அணைத்து மாலை ஆறு மணிக்கு எழுப்ப முடியாது. கொதிகலன் சூடேறப் பல மணி நேரமாகும். அதனால் முழுத் திறனில் 55 சதவீதத்துக்குக் கீழே இறக்காமல் ஓட்டிக்கொண்டே இருக்கிறார்கள். அந்த மின்சாரம் இடத்தை அடைத்துக்கொள்ள, சூரிய மின்சாரத்தை எடுக்க ஆளில்லாமல் போகிறது. நீரேற்று இயந்திரம் சில நிமிடங்களில் முழு உற்பத்திக்கு வந்துவிடும். குந்தாவில் 125 மெகாவாட் இயந்திரங்கள் நான்கு. மாலையில் அவை நான்கும் ஓடினால், அந்த அளவுக்கு அனல் நிலையத்தைப் பகலெல்லாம் காத்திருக்க வைக்க வேண்டியதில்லை. நெய்வேலியின் பழுப்பு நிலக்கரியை விட்டால் நம் மாநிலத்துக்குச் சொந்த நிலக்கரி இல்லை. ஒடிசாவிலிருந்தும் கடல் கடந்தும் வருகிறது. 2022இல் உக்ரைன் போரின்போது உலகச் சந்தையில் அதன் விலை எங்கே போனது என்பது நினைவிருக்கும். குந்தா திட்டத்தின் மேல் அணையான போர்த்திமந்தில் ஏற்றி வைத்த தண்ணீருக்கு அந்தக் கவலை இல்லை.

இதில் ஒரு சிக்கல் உண்டு. காற்றாலைகள் மே முதல் செப்டம்பர் வரைதான் வேகமாகச் சுற்றும். நம் மேற்கு அணைகள் தென்மேற்குப் பருவமழையில் நிரம்புவதும் அதே மாதங்களில்தான். மேல் அணை மழையிலேயே தளும்பி நின்றால், மிஞ்சிய காற்று மின்சாரத்தால் எதை எங்கே ஏற்றுவது? ஆகவே மேலே இடம் காலி வைத்துத்தான் இயக்க வேண்டும். காரட், உருளைக்கிழங்குச் சரிவுகளிலிருந்து அடித்து வரும் மண் அந்த இடத்தையும் ஆண்டுதோறும் தின்கிறது. வரப்பை மேடு பள்ளத்தோடு ஓட்டாமல் சரிவுக்குக் குறுக்கே போடச் சொல்லி நம் விவசாயிகளிடம் மன்றாடுவது இதனாலும்தான்.

நிலையம் இயங்கத் தொடங்கியதும் மின்வாரியத்திடம் ஒன்று கேளுங்கள்: எந்தெந்த மணிக்கு எவ்வளவு யூனிட் எடுத்துத் தண்ணீர் ஏற்றினீர்கள்? கணக்கில் நண்பகல் அதிகமா, நள்ளிரவு அதிகமா என்பதிலேயே கார்பன் எப்படிக் குறையும் என்ற உங்கள் கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.