பஃபலோ பில்ஸ், சீசன் சீசனாக: கேள்வி பதில்

செந்தில்: பில்ஸ் வரலாற்றை எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம் அண்ணா?

1960-லிருந்து. அந்த ஆண்டு ரால்ஃப் வில்சன், நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரத்துக்கான இந்த அமெரிக்கக் கால்பந்து அணியை அமெரிக்கன் ஃபுட்பால் லீக்கில் தொடங்கினார். 1964, 1965 இரண்டு சீசனிலும் பட்டம். இரண்டு இறுதி ஆட்டத்திலும் தோற்றது சான் டியாகோ சார்ஜர்ஸ்தான், 20-7, 23-0. அப்போதைய குவாட்டர்பேக் (தாக்குதலை நடத்தி பந்தை வீசுபவர்) ஜாக் கெம்ப் பின்னாளில் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கே போனார். 1968-ல் அணி சரிந்து ஒரே ஒரு ஆட்டம் ஜெயித்தது.

இப்போதே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சீசன் ஆண்டு வேறு, காலண்டர் ஆண்டு வேறு. 1990 சீசனின் சூப்பர் பௌல், அதாவது பட்டத்துக்கான இறுதி ஆட்டம், நடந்தது 1991 ஜனவரி 27-ல். இதைக் குழப்பினால் நீங்கள் எழுதும் சீசன் பட்டியல் முழுக்க ஒரு வருடம் தள்ளிப்போகும்.

கவிதா: ஓ.ஜே. சிம்சன் பற்றியும், அந்த வழக்கு பற்றியும் சொல்லுங்கள்.

வழக்கு இங்கே வேண்டாம். 1973-ல் பந்தோடு 14 ஆட்டங்களில் 2003 யார்டு ஓடினார். பிறகு 2000-ஐத் தாண்டிய யாரும் 14 ஆட்டத்தில் தாண்டவில்லை. அந்த சீசனில் அணி 9-5 (9 வெற்றி, 5 தோல்வி), ஆனாலும் பிளே-ஆஃப், அதாவது பட்டத்துக்கான நாக்-அவுட் சுற்று, வாய்ப்பு கிடைக்கவில்லை.

ரஹ்மான்: எத்தனை சூப்பர் பௌல் ஜெயித்திருக்கிறார்கள்?

ஒன்றும் இல்லை. 1990 முதல் 1993 வரை தொடர்ந்து நான்கு சீசன் இறுதிக்குப் போய் நான்கிலும் தோற்றார்கள். தொடர்ந்து நான்கு முறை போன அணி வேறு எதுவும் இல்லை.

ஜான்: 1990 சீசனைக் கெடுத்தது பந்தை உதைக்கும் வீரர் ஸ்காட் நார்வுட்தானே?

இல்லை. இதை நான் ஒருபோதும் ஒத்துக்கொள்ள மாட்டேன். சூப்பர் பௌலில் 8 விநாடி மிச்சம், 47 யார்டு தூரத்திலிருந்து மூன்று புள்ளிக்கான உதை, பந்து வலப்பக்கம் விலகிப்போனது, எதிரணி நியூயார்க் ஜயண்ட்ஸ் 20-19 என்று வென்றது. எல்லோருக்கும் ஞாபகம் இருப்பது இவ்வளவுதான். ஆட்டத்தின் 60 நிமிடத்தில் ஜயண்ட்ஸ் பந்தை 40 நிமிடம் 33 விநாடி வைத்திருந்தார்கள். ஆட்டத்தின் மூன்றாவது கால்பகுதியில் அவர்களின் முதல் தாக்குதலே ஒன்பது நிமிடத்துக்கு மேல் நீண்டு டச்டவுனில் (எல்லைக்கோட்டைத் தாண்டிப் பெறும் ஆறு புள்ளி) முடிந்தது. முந்தைய ஆட்டத்தில் ரெய்டர்ஸ் அணிக்கு எதிராக பில்ஸுக்கு 51 புள்ளி குவித்த குவாட்டர்பேக் ஜிம் கெல்லி, மைதான ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பில்ஸின் ஓட்ட வீரர் தர்மன் தாமஸ் 15 ஓட்டத்தில் 135 யார்டு எடுத்தார். அவரை இன்னும் ஓட விட்டிருக்கலாம் என்பது என் கருத்து.

ஜான்: ஆனாலும் பந்தை உதைப்பதுதானே அவர் வேலை?

அவர் வேலைதான். 47 யார்டு அந்தக் காலத்தில் சுலபமான தூரமில்லை, அதுவும் இயற்கைப் புல்லில். பஃபலோவின் சொந்த மைதானத்தில் இருந்தது செயற்கைத் தரை.

பத்மா: ஜான் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. தோல்விக்கு யாராவது பொறுப்பேற்க வேண்டாமா?

பொறுப்பை ஒருவர் தலையில் கட்டுவதைத்தான் மறுக்கிறேன். மறுநாள் பஃபலோவில் திரண்ட ரசிகர்கள் நார்வுட் பேசவேண்டும் என்று குரல் கொடுத்தார்கள். 1991 சீசனில் டென்வரை 10-7 என்று வென்றுதான் பில்ஸ் மறுபடி இறுதிக்குப் போனது. வித்தியாசம் மூன்று புள்ளி, அந்த மூன்றும் நார்வுட்டின் 44 யார்டு உதை. அதை யாரும் பேசுவதில்லை.

விமலா: 1993-ல் ஹூஸ்டனை வென்ற ஆட்டம்?

1992 சீசன்! மேலே சொன்னேன். 35-3 என்று பின்தங்கியிருந்தும் கூடுதல் நேரத்தில் 41-38 வெற்றி. கெல்லிக்குக் காயம், மாற்று குவாட்டர்பேக் ஃபிராங்க் ரைக்தான் ஆடினார்.

அருண்: சூப்பர் பௌல் எத்தனை சார்?

ரஹ்மானுக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள்.

மீனா: பிளே-ஆஃப் வறட்சி எவ்வளவு காலம்?

2000 முதல் 2016 வரை, 17 சீசன். 2017-ல் முடிந்தது. கடைசி நாளில் சின்சினாட்டி பால்டிமோரைத் தோற்கடித்ததால்தான் பில்ஸ் உள்ளே நுழைந்தது. அந்த வெற்றி டச்டவுனை வீசிய சின்சினாட்டி குவாட்டர்பேக் ஆண்டி டால்ட்டனின் அறக்கட்டளைக்கு பஃபலோ ரசிகர்கள் நன்கொடையைக் கொட்டினார்கள்.

தினேஷ்: இந்த வாரம் யார்மேல் பந்தயம் கட்டலாம்?

பந்தயத்துக்கு ஆலோசனை சொல்ல மாட்டேன்.

கோபி: என் சீசன் பட்டியலில் 1982-ல் 9 ஆட்டம்தானே இருக்கிறது, பட்டியல் தவறா?

சரியாகத்தான் இருக்கிறது. வீரர்கள் வேலைநிறுத்தம் செய்த வருடம், பில்ஸ் 4-5. 1987-லும் வேலைநிறுத்தம், 15 ஆட்டம், அதில் மூன்றில் மாற்று வீரர்கள். வழக்கமாக ஒரு சீசனுக்கு 1978-லிருந்து 16 ஆட்டம், 2021-லிருந்து 17. அதனால் சீசன்களை ஒப்பிடும்போது வெற்றி எண்ணிக்கையை விட்டுவிட்டு வெற்றி விகிதத்தை எடுங்கள்.