ஓடிபி படித்துச் சொல்லும் வரிப் பேராசிரியை

கேள்வி: கல்லூரியில் பதினொரு வருடமாகக் கணக்குப்பதிவியலும் வருமான வரியும் நடத்துகிறேன். மாதச் சம்பளம் 70,000 ரூபாய், வேறு வருமானம் கிடையாது. மாமியாரின் சொந்த வீட்டில் இருப்பதால் வாடகைச் சுமை இல்லை. வரி வகுப்பு என்றாலே பிள்ளைகள் தூங்குகிறார்கள். புதுச் சட்டம் வேறு வந்து, நோட்ஸ் முழுவதையும் மாற்ற வேண்டியிருக்கிறது. போன மாதம் கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன், "மேடம், நீங்க பழைய ரெஜிமா, புது ரெஜிமா?" என்று கேட்டான். "அது சிலபஸில் இல்லை" என்றேன். வகுப்பே சிரித்தது. என் சொந்த வரிக் கணக்கை எல்லாம் வீட்டுக்காரர்தான் பார்க்கிறார். அத்தையிடம் வாடகை ரசீதில் கையெழுத்து வாங்கித் தருவார், ஓடிபி வந்தால் படித்துச் சொல்லிவிடுவேன், அந்தத் தலைவலி எனக்கில்லை. கல்லூரித் தலைவலிதான் தாங்கவில்லை. பேசாமல் ஆடிட்டர் ஆபீஸில் சேர்ந்துவிடலாமா? பிள்ளைகளிடம் மரியாதையை எப்படித் திரும்பப் பெறுவது?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: இந்தக் காலத்துப் பிள்ளைகள் அப்படித்தான், மனம் தளராதீர்கள் என்று நான் எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். எழுதப் போவதில்லை. வகுப்பில் மதிப்பில்லை என்று ஆசிரியர்கள் கடிதம் போடாத மாதமே கிடையாது. எல்லாக் கடிதத்திலும் தூங்கும் பிள்ளைகள், மாறிப்போன சிலபஸ், சலித்துப்போன மனம். உங்கள் கடிதத்தில்தான் கூடுதலாக ஒரு வரி இருக்கிறது. போகிற போக்கில் எழுதிவிட்டுக் கடந்துபோயிருக்கிறீர்கள். நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

"ஓடிபி வந்தால் படித்துச் சொல்லிவிடுவேன்."

அந்த ஆறு இலக்கம் உங்கள் கையெழுத்து அம்மா. வருமான வரி ரிட்டர்னில் இருப்பதெல்லாம் உண்மை, சரி, முழுமை என்று அரசாங்கத்திடம் நீங்கள் தரும் உறுதிமொழி. அடுப்படியில் நின்றபடி எண்ணைப் படித்துச் சொல்லிவிட்டு, எதற்கு உறுதி சொன்னோம் என்றுகூடப் பார்க்காமல் மறுநாள் காலை போய் ஐம்பது பிள்ளைகளுக்கு வருமான வரி நடத்துகிறீர்கள்!

சரி, எதற்கு உறுதி சொல்லியிருக்கிறீர்கள் என்று நான் சொல்கிறேன். ஒரு வரியில் வாடகைச் சுமை இல்லை என்கிறீர்கள். சில வரிகள் தள்ளி வாடகை ரசீது வருகிறது. வீட்டு வாடகைப்படி விலக்குக்கு நீங்களே பதினொரு வருடமாகப் போர்டில் எழுதும் கணக்கு என்ன? கைக்கு வந்த படி, சம்பளத்தில் 40 அல்லது 50 சதவீதம், கொடுத்த வாடகையில் சம்பளத்தின் 10 சதவீதத்தைக் கழித்தது. மூன்றில் எது குறைவோ அது. வாடகையே கொடுக்கவில்லை என்றால் விலக்கு எவ்வளவு? உங்கள் மாணவன் பரீட்சையில் இதைத் தப்பாக எழுதினால் மார்க் போடுவீர்களா?

மாமியாருக்கு வாடகை கொடுப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. வீடு அவர் பேரில் இருந்து, பணம் உண்மையிலேயே அவர் கைக்குப் போய், அதை அவர் தன் வருமானமாகக் காட்டினால் தாராளமாக விலக்குக் கேட்கலாம். உங்கள் வீட்டில் போனது ரசீது மட்டும். வருட வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டியதாகக் காட்டியிருந்தால் அத்தையின் பான் எண்ணையும் கொடுத்திருப்பீர்கள். நாளைக்குத் துறை கேட்டால் அந்த வயதில் அவரும் பதில் சொல்ல வேண்டும். வருமானத்தைத் தவறாகக் காட்டியதாக முடிவானால், வரி போக, அந்த வரியைப் போல் 2 மடங்கு அபராதம். வயதானவரிடம் ஒரு தாளை நீட்டி, "இங்கே ஒரு கையெழுத்துப் போடுங்கள் அம்மா" என்று அவர் மகனே கேட்டிருக்கிறார். எதற்கு என்று அவருக்கும் தெரியாது, மருமகளாகிய நீங்களும் கேட்கவில்லை. பெரியவர்களைப் பார்த்துக்கொள்வது என்றால் மருந்து மாத்திரை வாங்கித் தருவது மட்டும்தான் என்று நினைத்துவிட்டீர்களா?

இதைவிட வேடிக்கை ஒன்று இருக்கிறது. உங்கள் சம்பளம் வருடத்துக்கு 8,40,000. 2025-26 நிதியாண்டுக்குப் புதிய முறையில், அதாவது வாடகை போன்ற விலக்குகள் இல்லாத 'புது ரெஜிமில்', நிலையான கழிவு 75,000 போக, 12 லட்சம் வரை வரித் தள்ளுபடி. அதாவது உங்களுக்கு வரியே கிடையாது. ரசீதும் வேண்டாம், பொய்யும் வேண்டாம். புதிய முறைதான் தானாக வருவது. பழையதுதான் வேண்டும் என்று கேட்டு வாங்கித்தான் வாடகை விலக்கைக் காட்ட முடியும். போன வருடம் வரை பழைய முறையில் லாபம் தெரிந்திருக்கும், அந்தப் பழக்கத்தில் உங்கள் வீட்டுக்காரர் இந்த வருடமும் அதையே செய்யக்கூடும். கடைசி பெஞ்ச் பையன் கேட்டது இதைத்தான். பதினொரு வருடத்தில் உங்கள் வகுப்பில் கேட்கப்பட்ட ஆக உருப்படியான கேள்வி அதுவாகத்தான் இருக்கும். சிலபஸில் இல்லை என்று சொல்லி அவனை உட்கார வைத்துவிட்டீர்கள். சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

வீட்டுக்காரரைக் குறை சொல்ல நான் வரவில்லை. நாலு பேர் செய்வதை அவரும் செய்திருக்கிறார், குடும்பத்துக்கு நல்லது என்று நினைத்துத்தான். என் கோபம் உங்கள் மேல். "எல்லாம் அவர் பார்த்துக்கொள்வார்" என்று பெருமையாக எழுதும் பெண்களின் கடிதங்களும் எனக்கு வருகின்றன. அவர் போன பிறகு எந்த பேங்கில் என்ன இருக்கிறது, பாஸ்வேர்ட் என்ன என்று தெரியாமல் தவிக்கும் பெண்களின் கடிதங்களும் வருகின்றன. படிக்காத பெண் அப்படி எழுதினால் எனக்கு வருத்தம் வரும். பற்று வரவு சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்கும் நீங்கள் எழுதினால் எரிச்சல்தான் வருகிறது. கணவன் மனைவிக்குள் கணக்கு கேட்டால் சந்தேகப்படுவதாக ஆகிவிடும் என்ற நினைப்பை முதலில் விடுங்கள். இருவர் சம்பாதிக்கும் வீட்டில் இருவரும் கணக்குப் பார்ப்பதுதான் குடும்பம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு வருமான வரித் தளத்தில் உள்ளே போங்கள். பாஸ்வேர்டை நீங்களே மாற்றுங்கள். பிடித்த வரியைக் காட்டும் படிவம் 26ஏஎஸ், ஆண்டுத் தகவல் அறிக்கை, பழைய ரிட்டர்ன்கள் எல்லாவற்றையும் இறக்கி வரிவரியாகப் படியுங்கள். பொய் விலக்குக் கேட்ட வருடங்களுக்குத் திருத்திய கணக்கைக் கொடுக்க வழியிருக்கிறது. மதிப்பீட்டு ஆண்டு (வருமானம் வந்த வருடத்துக்கு அடுத்தது) முடிந்து 48 மாதம் வரை 'ஐடிஆர் யு' என்ற புதுப்பித்த ரிட்டர்ன் போடலாம் என்று 2025இல் கால வரம்பை நீட்டியிருக்கிறார்கள். வரி, வட்டி போக அவற்றின் மேல் கூடுதல் வரியும் கட்ட வேண்டும்: முதல் 12 மாதத்துக்குள் 25 சதவீதம், அப்புறம் 50, 60, 70 என்று ஏறும். தள்ளிப்போடப் போட உங்கள் பணம்தான் போகும். நோட்டீஸ் வருவதற்கு முன் முந்திக்கொள்ளுங்கள். சிக்கலாகத் தெரிந்தால் ஓர் ஆடிட்டரைப் பாருங்கள், வேலை கேட்க அல்ல.

புதுச் சட்டம் பற்றிய அலுப்புக்கு எனக்கு இரக்கம் இல்லை. 1961ஆம் வருடச் சட்டத்தை வைத்து இத்தனை காலம் ஓட்டியாயிற்று. 2025ஆம் வருடச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்தது, மொத்தம் 536 பிரிவுகள். பிரீவியஸ் இயர், அசெஸ்மென்ட் இயர் என்று முதல் வாரமே பிள்ளைகளைக் குழப்பிய இரட்டை வருடம் போய், வரி ஆண்டு என்று ஒன்றே ஒன்று. உங்கள் வேலையை அரசாங்கமே பாதி குறைத்துக் கொடுத்திருக்கிறது! 2025-26 வருமானத்துக்கு இன்னும் பழைய சட்டம்தான் என்பதால் கொஞ்ச காலம் இரண்டையும் நடத்த வேண்டியிருக்கும். நடத்துங்கள், அதற்குத்தானே சம்பளம்.

நோட்ஸை அப்படியே வையுங்கள். கல்லூரி தரும் சம்பள வரிச் சான்றான உங்கள் படிவம் 16இல் பெயரையும் பான் எண்ணையும் மறைத்து நகலெடுத்து வகுப்பில் கொடுங்கள். பழைய முறையில் ஒரு முறை, புதியதில் ஒரு முறை அவர்களே போட்டுப் பார்க்கட்டும். வாடகை என்ற வரிக்கு வரும்போது உண்மையான தொகையைச் சொல்லுங்கள்: பூஜ்யம். அந்தக் கடைசி பெஞ்ச் பையனைக் கூப்பிட்டுப் போர்டில் போடச் சொல்லுங்கள். எவன் தூங்குகிறான் என்று அன்றைக்குப் பாருங்கள்.

ஆடிட்டர் ஆபீஸைப் பற்றி இப்போது என்னிடம் கேட்காதீர்கள். ஜூலை 31க்குள் உங்கள் ரிட்டர்னை உங்கள் கையால் தாக்கல் செய்யுங்கள், வரும் ஓடிபியை நீங்களே அடியுங்கள். அதற்குப் பிறகும் வேலையை விடத் தோன்றினால் எழுதுங்கள், பேசுவோம்.