அலுவலகத்தில் நடக்கும் காதல் படங்களில் நீங்கள் திரும்பத் திரும்பப் பார்ப்பது எது? அதில் அப்படி என்ன இருக்கிறது?

கேள்வியைப் படித்ததும் எனக்கு ஒரே படம்தான் நினைவுக்கு வந்தது. 1957ல் வந்த 'டெஸ்க் செட்'. கேத்தரின் ஹெப்பர்னும் ஸ்பென்சர் டிரேசியும் நடித்தது, இயக்கம் வால்டர் லாங். நம் பக்கம் அதிகம் பேர் பார்த்திருக்க மாட்டார்கள். நான் ஏழெட்டு முறை பார்த்திருக்கிறேன். மனசு சரியில்லாத நாளில் போட்டுவிட்டு உட்கார்ந்தால் முடியும்போது சரியாகிவிடும்.

ஏன் என்று சொல்ல என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் ஒரு தமிழ் நாளிதழின் நூலகப் பிரிவில் 22 வருடம் இருந்தேன். நூலகம் என்றதும் புத்தக அலமாரிதான் ஞாபகம் வரும். எங்கள் வேலை வேறு. தினமும் வருகிற பேப்பர்களைத் தலைப்பு வாரியாக வெட்டி, ஒட்டி, தேதி போட்டு, உறையில் போட்டு அடுக்குவோம். கட்டிங் ஃபைல் என்போம். ராத்திரி பக்கம் முடிக்கிற நேரத்தில் ஆசிரியர் குழுவிலிருந்து இன்டர்காம் அடிக்கும். "மேடம், காமராஜர் முதலமைச்சர் ஆனது 53ஆ, 54ஆ?" "54, ஏப்ரல் 13." "தனுஷ்கோடி புயல்?" "64 டிசம்பர் 22 ராத்திரி." ரிசீவரை வைப்பதற்குள் அடுத்த போன் வரும். பாதி விஷயம் ஃபைலைத் திறக்காமலே வாயில் வந்துவிடும். அதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு.

'டெஸ்க் செட்' நடப்பது அதே மாதிரியான ஓர் அறையில். நியூயார்க்கில் ஒரு பெரிய ஒலிபரப்பு நிறுவனம், அதன் ஆராய்ச்சிப் பிரிவு, நான்கு பெண்கள். யார் போன் செய்து என்ன கேட்டாலும் பதில் சொல்வதுதான் அவர்கள் வேலை. தலைவி மிஸ் வாட்சன், அதாவது ஹெப்பர்ன். ஒருநாள் டிரேசி உள்ளே வருகிறார். பெயர் சம்னர். யாரிடமும் எதுவும் சொல்லாமல் டேப்பை எடுத்து அறையை நீளம் அகலம் அளக்க ஆரம்பிக்கிறார். அவர் 'எமராக்' என்ற மாபெரும் கணினியைக் கண்டுபிடித்தவர், அதை வைக்கத்தான் இடம் பார்க்கிறார். நிறுவனம் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லியிருப்பதால் அவர் விளக்கம் எதுவும் தருவதில்லை. நான்கு பேருக்கும் வேலை போய்விடும் என்ற பயம் பிடித்துக்கொள்கிறது. இந்தப் பயத்துக்கு நடுவில்தான் காதல் வருகிறது. கேட்க விசித்திரமாக இருக்கும், ஆனால் படம் முழுக்கச் சிரிப்புதான்.

இந்த வகைப் படங்கள் நிறையப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலானவற்றில் ஆபீஸ் என்பது வெறும் இடம். கண்ணாடிக் கதவு, காபி கப், மீட்டிங் ரூம். நாயகியும் நாயகனும் என்ன வேலை செய்கிறார்கள் என்று கடைசி வரை நமக்குத் தெரியாது. மழையில் நனைந்தால் காதல், லிஃப்டில் மாட்டிக்கொண்டால் காதல். 'டெஸ்க் செட்'டில் காதல் வருவதே வேலையிலிருந்துதான். ஒருவர் தன் வேலையில் எவ்வளவு கெட்டிக்காரர் என்பதை இன்னொருவர் கண்ணால் பார்க்கிறார். அந்த வியப்பிலிருந்து எல்லாம் தொடங்குகிறது. என்னைத் திரும்பத் திரும்ப இழுப்பது இதுதான்.

மொட்டைமாடிக் காட்சியைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், படத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. சம்னர் மிஸ் வாட்சனை மதியச் சாப்பாட்டுக்கு அழைக்கிறார். ஏதோ நல்ல ஓட்டல் என்று நினைத்து அவள் போகிறாள். அவர் கூட்டிக்கொண்டு போவது அதே கட்டிடத்தின் மாடிக்கு. கடுங்குளிர். கையில் சாண்ட்விச், காபி. குளிரில் கோட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு அவள் உட்கார, அவர் கேள்வித்தாளை எடுக்கிறார். ஒருவரை முதன்முதலில் பார்க்கும்போது முதலில் என்ன கவனிப்பீர்கள்? ஆணா பெண்ணா என்று பார்ப்பேன் என்கிறாள், முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல்.

அப்புறம் ஒரு ரயில் கணக்கு. கிராண்ட் சென்ட்ரலில் ரயில் கிளம்பும்போது பயணிகள் 17, ஊழியர்கள் 9. 125வது தெருவில் 4 பேர் இறங்க, 9 பேர் ஏறுகிறார்கள். ஒயிட் பிளெயின்சில் 3 பேர் இறங்க, ஒருவர் ஏறுகிறார். சப்பக்வாவில் 9 பேர் இறங்க, 4 பேர் ஏறுகிறார்கள். அதன் பிறகு ஏற்ற இறக்கமே இல்லை. கடைசிக்கு முந்தைய நிறுத்தத்தில் 5 பேர் இறங்க, ஒருவர் ஏற, ரயில் போய்ச் சேர்கிறது. அவர் மூச்சு விடுவதற்குள் அவள் சொல்லிவிடுகிறாள்: பயணிகள் 11, ஊழியர்கள் 9. கேள்வி அதுவல்ல என்கிறார் அவர். சப்பக்வாவில் எத்தனை பேர் இறங்கினார்கள்? ஒன்பது. எப்படி ஞாபகம் வைத்தீர்கள் என்று அவர் ஆடிப்போய்க் கேட்க, சப்பக்வா என்று ஆங்கிலத்தில் எழுதினால் ஒன்பது எழுத்து, கவனித்தீர்களா என்கிறாள் அவள்.

அந்த நேரத்தில் டிரேசியின் முகத்தைப் பார்க்க வேண்டும். அழகைக் கண்டு மயங்கின முகமில்லை அது. ஒரு நல்ல தச்சர் இன்னொரு தச்சர் செய்த மர இணைப்பைத் தடவிப் பார்க்கும்போது வருமே, அந்த முகம். கையில் சாண்ட்விச் இருப்பதையே மறந்துவிட்ட மாதிரி இருக்கிறார். காதல் வசனம் ஒன்றுகூட இல்லை, ஆனால் விஷயம் அங்கேயே முடிந்துவிட்டது என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. அவர்களுக்குத் தெரிய இன்னும் ஒரு மணி நேரம் ஆகும்.

மிஸ் வாட்சனுக்கு ஏற்கனவே ஒருவர் இருக்கிறார், மைக் என்று அதே நிறுவனத்தில் மேலாளர். ஏழு வருடமாகப் பழக்கம், கல்யாணப் பேச்சை மட்டும் எடுக்க மாட்டார். தன் ஆபீஸ் வேலையையும் அவளிடம் கொடுத்து முடித்துக்கொள்வார். இவரும் அவளுடைய அறிவைப் பயன்படுத்துகிறவர்தான், ஆனால் அதைப் பார்த்து ஒருநாளும் வியந்ததில்லை. படம் இதைப் பெரிதாகப் பேசுவதில்லை, பேசாமலே புரிய வைக்கிறது. மைக் பாத்திரத்தை இன்னும் கொஞ்சம் கனமாக எழுதியிருக்கலாம் என்பது மட்டும் என் குறை.

இன்னொரு காரணம் வயது. படம் வந்த வருடம் ஹெப்பர்னுக்கு 50, டிரேசிக்கு 57. இருவரும் சேர்ந்து நடித்த ஒன்பது படங்களில் இது எட்டாவது. முதல் படம் 1942ல். பதினைந்து வருடம் பழகியவர்களின் இலகுவை எங்கே பார்க்கலாம் என்றால், மழை இரவுக் காட்சியில். இருவரும் தொப்பலாக நனைந்து அவள் வீட்டுக்கு வருகிறார்கள். மைக்குக்குக் கிறிஸ்துமஸ் பரிசாக வாங்கி வைத்திருந்த புது அங்கியை அவள் சம்னருக்குக் கொடுத்துவிடுகிறாள். அவர் அதைப் போட்டுக்கொண்டு வறுத்த கோழி சாப்பிடுகிறார். அந்த நேரம் பார்த்து மைக் வந்து நிற்கிறார். வேறு படமாக இருந்தால் சண்டை வந்திருக்கும். இங்கே மைக்தான் தவித்துப் போகிறார், மற்ற இருவரும் நிம்மதியாகச் சாப்பிடுகிறார்கள். ஐம்பது வயதில் ஒருவரோடு இப்படி உட்கார்ந்து சிரித்துக்கொண்டு சாப்பிட முடிந்தால் வேறென்ன வேண்டும் என்று எனக்குத் தோன்றும். இருபது வயதில் பார்த்திருந்தால் தோன்றியிருக்காது.

கணினி வந்த பிறகு படம் இன்னும் வேடிக்கையாகிறது. கார்ஃபு என்ற தீவைப் பற்றி ஒருவர் கேட்கிறார். எந்திரத்தை இயக்கும் பெண் எழுத்தை மாற்றி அடித்துவிட, 'கர்ஃபியூ' என்ற சொல் வருகிற ஒரு நீளமான பழைய கவிதையை அது வரி வரியாக அச்சடித்துத் தள்ளுகிறது. அது நிற்கவும் மாட்டேன் என்கிறது. அதற்கு முன்பே சம்பளப் பிரிவில் இருக்கும் இன்னொரு எமராக் நிறுவனத்தில் எல்லோருக்கும் வேலைநீக்கச் சீட்டை அனுப்பிவிடுகிறது, தலைவர் உட்பட. பிறகுதான் உண்மை வெளியே வருகிறது: யாரையும் அனுப்பும் எண்ணமே இல்லை. வேறொரு நிறுவனத்தோடு இணையப் போவதால் வேலை கூடும், அதற்கு உதவத்தான் எந்திரம்.

இந்த முடிவை நான் முழுசாக நம்பவில்லை. படத்தின் தொடக்கத்திலேயே ஐபிஎம் நிறுவனத்தின் ஒத்துழைப்புக்கு நன்றி போடுகிறார்கள், அதனால் கணினி நல்ல பிள்ளையாகத்தான் முடியும். எங்கள் பிரிவில் கட்டிங் ஃபைல்களை ஸ்கேன் செய்தபோது ஆறு பேரில் நாலு பேரை வேறு பிரிவுகளுக்கு மாற்றினார்கள். புது இடத்தில் அவர்களிடம் யாரும் எந்தத் தேதியும் கேட்கவில்லை. அது எனக்கு இன்னும் வலிக்கிற விஷயம். ஆனாலும் படத்தின் மேல் கோபம் வருவதில்லை. போன் அடித்துக்கொண்டே இருக்க, அந்த நான்கு பெண்களுக்கும் என்ன தெரியும் என்பதை அது ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் நிதானமாகக் காட்டுகிறது. எந்திரத்துக்கு மரியாதை கொடுத்த அளவு அவர்களுக்கும் கொடுக்கிறது. இங்கிலாந்தில் இந்தப் படத்தை 'ஹிஸ் அதர் உமன்', அதாவது 'அவருடைய இன்னொருத்தி' என்ற பெயரில் வெளியிட்டார்கள். அந்த இன்னொருத்தி எமராக்தான் என்று எடுத்துக்கொள்ள எனக்குப் பிடிக்கும், கடைசியில் சம்னர் மிஸ் வாட்சனிடம் தன் மனதைச் சொல்வதும் அதன் துணையோடுதான்.

திரைக்கதை எழுதியது ஃபீபி எஃப்ரான், ஹென்றி எஃப்ரான் என்ற கணவன் மனைவி. பின்னாளில் 'வென் ஹாரி மெட் சாலி' எழுதிய நோரா எஃப்ரான் அவர்கள் மகள். ஒரே மேசையில் உட்கார்ந்து வேலை பார்த்த தம்பதி எழுதியதால்தான் இந்தப் படத்தில் வேலைப் பேச்சும் காதல் பேச்சும் பிரிக்க முடியாதபடி கலந்திருக்கின்றன என்று நினைக்கிறேன்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். தனுஷ்கோடி புயலின் தேதியைக் கேட்டு அன்று இன்டர்காம் அடித்த நைட் ஷிப்ட் உதவி ஆசிரியர் மறுநாளும் அடித்தார். அதற்கு மறுநாளும். மூன்றாவது வாரத்தில் அவர் கேட்ட ஒரு தேதி அன்றைய பக்கத்தில் எங்கேயும் வரவில்லை என்று நான் கவனித்தேன். அடுத்த முறை போன் வந்தபோது, "சார், இந்தத் தேதி எந்தச் செய்திக்கு?" என்று கேட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

போன மாதம் அவருக்கு இந்தப் படத்தைப் போட்டுக் காட்டினேன். மொட்டைமாடிக் காட்சி வந்ததும் ரிமோட்டை வாங்கி நிறுத்திவிட்டு, பேப்பர் ஓரத்தில் பேனாவால் கூட்டிக் கழித்து, "பதினொன்று, சரியா?" என்றார்.

"கேள்வி அது இல்லைங்க" என்றேன்.