ரத்தக்குழாய் ஆபரேஷனும் மயக்க வாயுவும்: வாசகர் கேள்வி பதில்

அப்பாவுக்கு 66 வயது. வயிற்று மகாதமனி (இதயத்திலிருந்து வரும் பெரிய ரத்தக்குழாய்) 6 செ.மீ. வீங்கியிருக்கிறது, வயிற்றைத் திறந்து ஆபரேஷன் என்கிறார்கள். செவோஃப்ளூரேன் என்ற மயக்க வாயு கொடுத்தால் ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ் குறையுமாமே? டாக்டரிடம் அதையே கேட்டு வாங்கலாமா?
– வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

கேட்பதில் தவறில்லை. ஆனால் வாயுவின் பெயரை வைத்துப் பெரிய பலனை எதிர்பார்க்காதீர்கள்.

வீங்கிய இடத்துக்கு மேலே மகாதமனியை கிளாம்ப் போட்டு அடைத்துவிட்டுத்தான் செயற்கைக் குழாயைத் தைப்பார்கள். அதுவரை இரண்டு காலுக்கும் ரத்தம் மிகக் குறைவாகவே போகும். செல்களில் சக்தி தரும் ஏடிபி சிதைந்து ஹைப்போசாந்தைன் என்ற கழிவாகத் தேங்கும். கிளாம்பைத் திறந்ததும் ஆக்ஸிஜனோடு ரத்தம் பாயும். சாந்தைன் ஆக்ஸிடேஸ் என்ற என்சைம், தேங்கியதைப் பிடித்து சூப்பராக்ஸைடு, ஹைட்ரஜன் பெராக்ஸைடு போன்றவற்றை உண்டாக்கும். இவை செல் சவ்வின் கொழுப்பை அரிக்கும். இதுதான் ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ். ரத்தத்தில் மலோன்டையால்டிஹைடு ஏறுவது அந்த அரிப்பின் அடையாளம். ஆக, ரத்தம் நின்றபோது தொடங்கும் சேதம், அது திரும்பி வரும்போது இன்னும் கூடுகிறது.

செவோஃப்ளூரேன், ஐசோஃப்ளூரேன், டெஸ்ஃப்ளூரேன் மூன்று வாயுக்களும் இந்தச் சேதத்தைத் தாங்க இதயத் தசையை முன்கூட்டியே தயார்ப்படுத்தும் என்பது ஆய்வுக்கூடத்தில் தெரிந்த விஷயம். செல்லின் சக்திக்கூடமான மைட்டோகாண்ட்ரியாவின் பொட்டாசியம் வாயில்களைத் திறந்து, செல்லை அரிக்கும் ஃப்ரீ ராடிக்கலைச் சிறிதளவு அவையே கிளப்பி, தற்காப்பைத் தட்டி எழுப்புகின்றன. நரம்பில் போடும் மயக்க மருந்தான புரோபோஃபாலுக்கும் ஃப்ரீ ராடிக்கலை அடக்கும் குணம் உண்டு. நோயாளிகளிடம் என்ன ஆனது? இதய பைபாஸ் செய்துகொண்ட 5,400 பேரிடம் வாயு, நரம்பு ஊசி என்ற இரு முறைகளையும் ஒப்பிட்ட பெரிய ஆய்வு 2019இல் வெளியானது. ஓராண்டு இறப்பு விகிதத்தில் வித்தியாசம் இல்லை. ரத்தப் பரிசோதனையில் ஒரு எண் குறைவது வேறு, மாரடைப்பு குறைவது வேறு.

உங்கள் அப்பாவுக்கு உண்மையில் பலன் தருவது கிளாம்ப் நேரம் சுருங்குவதும், பிரஷர் தடுமாறாமல் இருப்பதும்தான். 40 வயதுக்காரருக்கு மூச்சுக் காற்றில் செவோஃப்ளூரேன் ஏறக்குறைய 2 சதவீதம் தேவை. 66இல் அதைவிடக் குறைவு போதும். வாயு கூடிப்போனால் பிரஷர் விழும், இதயமும் சிறுநீரகமும் அடிபடும். கிளாம்பைத் திறக்கும் நொடியில் காலில் தேங்கிய அமிலமும் பொட்டாசியமும் ஒரேயடியாக இதயத்துக்கு வரும். அதனால் சர்ஜன் முன்கூட்டியே குரல் கொடுப்பார். மயக்க டாக்டர் வாயுவைக் குறைத்து, திரவம் ஏற்றி, பிரஷரை ஏற்றும் மருந்தைத் தயாராக வைப்பார். கிளாம்பை மெல்லத் தளர்த்துவார்கள். பிரஷர் படுத்தால் மறுபடி அடைத்துவிட்டுக் கொஞ்சம் பொறுப்பார்கள். ஆகவே, “திறக்கும்போது பிரஷரை எப்படிக் காப்பாற்றுவீர்கள், பிறகு ஐசியுவில் சிறுநீர் அளவைக் கவனிப்பீர்களா?” என்று கேளுங்கள்.

அம்மாவுக்குக் காலில் பைபாஸ். சர்க்கரை, பிரஷர் உண்டு. முன்னெச்சரிக்கையாக வைட்டமின் சி, ஈ மாத்திரை கொடுக்கலாமா?
– வாசகி, முதலியார்பேட்டை

வேண்டாம். பயன் நிரூபணமாகவில்லை, அதிக டோஸ் வைட்டமின் ஈ ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தக்கூடும். அம்மா வழக்கமாகப் போடும் மாத்திரைகள்தான் முக்கியம். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின், ஆஸ்பிரின் பொதுவாகத் தொடரும். இதயத்துடிப்பைக் குறைக்கும் மெட்டோபுரோலால் போன்ற மாத்திரை ஏற்கெனவே போடுகிறார் என்றால் ஒரு நாளும் விடக்கூடாது. ஆனால் ஆபரேஷனன்று புதிதாகத் தொடங்கவும் கூடாது: 2008இல் வந்த பெரிய ஆய்வில் அப்படித் தொடங்கியவர்களுக்கு மாரடைப்பு குறைந்தது, பக்கவாதமும் இறப்பும் கூடின. டெல்மிசார்டன், ராமிப்ரில் வகை பிரஷர் மாத்திரையை முந்தின நாளோடு நிறுத்தச் சொல்வார்கள், இல்லாவிட்டால் மயக்கத்தில் பிரஷர் சரியும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை சர்க்கரை மாத்திரை என்றால் 3 நாள் முன்பே நிறுத்த வேண்டும். சர்க்கரை அளவு சாதாரணமாகத் தெரியும்போதே ரத்தம் அமிலமாகிவிடும் ஆபத்து இவற்றில் உண்டு. ரத்தம் உறையாமல் தடுக்கும் குளோபிடோக்ரெல் பற்றி சர்ஜன், மயக்க டாக்டர் இருவரையும் கேளுங்கள். முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்வதா என்பதே அதைப் பொறுத்துத்தான். எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். அட்டைகளை அப்படியே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

இன்னொன்று. கடலூரிலிருந்து விடியற்காலை பஸ்ஸில் ஆபரேஷனுக்காகப் புதுச்சேரி வருபவர்கள், “டீ மட்டும்தான் குடிச்சோம்” என்பார்கள். பால் டீ சாப்பாட்டுக் கணக்கு, 6 மணி நேர இடைவெளி வேண்டும். வெறும் தண்ணீருக்கு 2 மணி நேரம் போதும்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் பீடியை விட்டால் பலன் உண்டா?
– வாசகர், பண்ருட்டி

உண்டு. 12 முதல் 24 மணி நேரத்தில் ரத்தத்தில் உள்ள கார்பன் மோனாக்ஸைடு பெருமளவு வெளியேறும். ஆக்ஸிஜன் திசுக்களுக்குச் சரியாகப் போகும். நுரையீரலும் புண் ஆறுவதும் தேற 4 வாரமாவது வேண்டும். மறைக்காதீர்கள். டெஸ்ஃப்ளூரேன் புகைப்பவரின் மூச்சுக்குழாயை எரிச்சலூட்டி இருமல் கிளப்பும். தெரிந்தால் வேறு வாயு எடுப்பார்கள்.

சித்தப்பா மயக்க மருந்தில் திடீரென உடம்பு கொதித்து, விறைத்து இறந்தார். எனக்கும் ஆகுமா?
– வாசகி, நெய்வேலி

ஆகலாம். இது மாலிக்னன்ட் ஹைப்பர்தெர்மியாவாக இருக்கக்கூடும், பரம்பரையாக வருவது. மேலே சொன்ன மயக்க வாயுக்களும், தசையைத் தளர்த்தும் ஊசியான சக்ஸமெத்தோனியமும்தான் தூண்டுபவை. முறிமருந்தான டான்ட்ரோலின் கிலோவுக்கு 2.5 மி.கி. தேவை. 60 கிலோ எடைக்கு முதல் டோஸே 150 மி.கி.; 20 மி.கி. குப்பியானால் 8 குப்பிகளை உடைத்து, ஒவ்வொன்றையும் 60 மி.லி. தண்ணீரில் கரைக்க வேண்டும். எல்லா ஆஸ்பத்திரியிலும் கையிருப்பு இருக்காது. முன்பே சொன்னால் புரோபோஃபாலை வைத்தே முடிப்பார்கள். மயக்க வாயுவைத் தரும் வேப்பரைசரைக் கழற்றி, டியூபையும் கரியமில வாயுவை உறிஞ்சும் சோடா லைமையும் மாற்றி, மெஷினில் ஒட்டிய வாயுவை ஆக்ஸிஜனால் அலசவே சில மெஷின்களில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். டேபிளில் படுத்த பிறகு சொல்லாமல், முன்பரிசோதனையிலேயே சொல்லுங்கள்.