புலனாய்வுப் பிரிவுகளைப் பாராளுமன்றம் உண்மையாகவே கண்காணிக்க என்ன செய்யவேண்டும்?

கேள்வியில் கேட்டிருப்பது, புலனாய்வு அமைப்புகளை மேற்பார்வை செய்யப் பாராளுமன்றக் குழுவுக்குக் கூடுதல் அதிகாரம் கொடுத்தால் ஏதாவது மாறுமா என்று. மாறும். ஆனால் குழு என்று பெயர் வைத்து பத்துப் பேரை உட்கார வைத்தால் மாறாது. அந்தக் குழுவுக்கென்று ஆட்கள் வேண்டும், அவர்கள் கோப்பைத் தாங்களே எடுத்துப் படிக்க வேண்டும், பொய் சொன்ன அதிகாரிக்கு ஏதாவது நடக்க வேண்டும்.

நான் யாழ்ப்பாணத்தில் இருக்கிறேன். இங்கே சனசமூக நிலையத்தில் ஒரு நினைவுக் கூட்டம் வைத்தாலே சிவில் உடையில் ஒருவர் வந்து நிற்பார். யார் ஒழுங்கு செய்தது, யார் பேசப்போகினம், காசு எங்கேயிருந்து வந்தது என்று கேட்பார், தலைவரின் போன் நம்பரைக் கொப்பியில் எழுதிக்கொண்டு போவார். எந்தப் பிரிவு என்று கேட்டால் "புலனாய்வு" என்பார், அவ்வளவுதான். அந்தக் கொப்பி யாரிடம் போகிறது, எத்தனை வருடம் வைத்திருப்பார்கள் என்று கேட்க எங்களுக்கு ஓர் இடமில்லை. நாங்கள் வாக்குப் போட்டு அனுப்பிய எம்.பி.க்கும் இல்லை.

அமெரிக்காவில் இதற்கு வழி திறந்தது 1975இல், செனட்டர் ஃபிராங்க் சர்ச் தலைமையிலான குழு விசாரணையைத் தொடங்கியபோது. சோவியத் நாட்டுக்குப் போன, அங்கிருந்து வந்த கடிதங்களில் இரண்டு லட்சத்துக்கும் மேல் சிஐஏ பல வருடமாக ரகசியமாகப் பிரித்துப் படித்தது, மார்ட்டின் லூதர் கிங்குக்கு எஃப்பிஐ மொட்டைக் கடிதம் அனுப்பியது எல்லாம் அப்போதுதான் ஆதாரத்தோடு வெளியே வந்தன. அதன் பிறகுதான் 1976இல் செனட்டிலும் 1977இல் கீழவையிலும் நிரந்தரக் குழுக்கள் வந்தன.

சரி, நிரந்தரக் குழு வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டதா? 2013 மார்ச்சில் செனட்டர் ரான் வைடன், கோடிக்கணக்கான அமெரிக்கர்களின் தகவலை என்எஸ்ஏ (தொலைத்தொடர்பை ஒட்டுக்கேட்கும் அமெரிக்க உளவு அமைப்பு) சேகரிக்கிறதா என்று புலனாய்வுத் துறைத் தலைவர் ஜேம்ஸ் கிளாப்பரிடம் எல்லாரும் பார்க்கும் அமர்வில் கேட்டார். இந்தக் கேள்வி வரும் என்று முதல் நாளே சொல்லியும் அனுப்பியிருந்தார். இல்லை என்றார் கிளாப்பர். அது உண்மையில்லை என்று வைடனுக்குத் தெரியும், ஆனால் தெரிந்ததெல்லாம் ரகசியம் என்பதால் வாயைத் திறக்க முடியவில்லை. மூன்று மாதத்தில், என்எஸ்ஏவுக்காக ஒப்பந்தத்தில் வேலை செய்த எட்வர்ட் ஸ்னோடன் அதன் ரகசிய ஆவணங்களை வெளியிட்டார். கிளாப்பர் மேல் வழக்கு எதுவும் வரவில்லை. குழுவில் இருப்பவருக்கு எல்லாம் தெரிந்தும் மக்களுக்கு ஒன்றும் தெரியாமல் போகும் இந்த நிலைமைதான் என்னை மிகவும் யோசிக்க வைக்கிறது.

அதே செனட் குழுதான் சிஐஏ செய்த சித்திரவதைகளையும் ஆராய்ந்தது. குழுவின் ஊழியர்கள் சிஐஏ ஒதுக்கிக் கொடுத்த கட்டடத்தில், சிஐஏ கொடுத்த கணினிகளில் இருந்து அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட பக்கங்களைப் பார்த்தார்கள். அந்தக் கணினிகளுக்குள்ளேயே சிஐஏ ஆட்கள் புகுந்து பார்த்தது 2014இல் தெரியவந்து, அதன் தலைவர் ஜான் பிரெனன் மன்னிப்புக் கேட்டார். ஆவணமும் கணினியும் குழுவின் சொந்த இடத்தில் இருக்கவேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான். இத்தனைக்குப் பிறகும் 2014 டிசம்பரில் அறிக்கைச் சுருக்கம் வெளிவந்தது. ஊழியர்கள் வருடக்கணக்காக உட்கார்ந்து படித்திருக்காவிட்டால் அதுகூட வந்திராது.

எங்கள் நாட்டுக்கு வருவோம். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்கு முன்பே, ஏப்ரல் 4ஆம் திகதி, இந்தியாவிலிருந்து எச்சரிக்கை வந்துவிட்டது. பிறகு பாராளுமன்றத் தெரிவுக்குழு விசாரித்தபோது, அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன புலனாய்வு அதிகாரிகள் அங்கே போய்ச் சாட்சி சொல்வதை எதிர்த்தார். எச்சரிக்கையை வைத்துக்கொண்டு யார் என்ன செய்தார்கள் என்று அந்தக் குழு கேட்டது சனம் செத்த பிறகு. 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சிறிசேனவுக்குப் பத்துக் கோடி ரூபாவும், அரச புலனாய்வுச் சேவையின் முன்னாள் தலைவருக்கு ஏழரைக் கோடியும் நட்டஈடு கட்டச் சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் வருடம் முழுக்கக் கோப்பு பார்க்கும் ஒரு குழு செய்யவேண்டிய வேலையை நீதிமன்றம் செய்ய முடியாது.

என்னைக் கேட்டால், முதலில் புலனாய்வு அமைப்பு ஒவ்வொன்றும் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று பாராளுமன்றம் இயற்றிய சட்டம் வேண்டும். எதிர்க்கட்சி எம்.பி. தலைமையில் சின்னக் குழு, அதில் வடக்கு கிழக்கிலிருந்து ஒருவர் கட்டாயம். செலவுக் கணக்கைக் கணக்காய்வாளர் நாயகம் பார்த்து அந்தக் குழுவுக்குச் சொல்லட்டும். அப்புறம், குழு வாக்கெடுத்தால் ரகசியத்தை உடைக்க ஒரு வழி வேண்டும். ஜனாதிபதி எதிர்த்தாலும் செனட் வாக்களித்து ஒரு தகவலை வெளியிடலாம் என்று அமெரிக்கக் குழுவை அமைத்த தீர்மானத்திலேயே இருக்கிறது.

இதைவிட அவசரமானது முறைப்பாடு. சிவில் உடையில் வந்தவர் வீட்டுக்கு வந்து மிரட்டினால், அல்லது கொழும்பில் பொலிஸ் விசாரணை நடத்தும் 'நாலாம் மாடி'க்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தால், அதே பொலிஸிடம் போய்ச் சொல்வதில் என்ன இருக்கிறது? அந்தக் குழுவின் அலுவலகம் ஒன்று யாழ்ப்பாணத்திலும் இருக்கவேண்டும். தமிழில் எழுதிக் கொடுத்ததைத் தமிழிலேயே வாங்கி, அந்தக் கொப்பியில் என்ன எழுதியிருக்கிறது என்று சம்பந்தப்பட்ட பிரிவிடம் கேட்டு, இத்தனை நாளுக்குள் பதில் என்று எழுத்தில் தரும் அதிகாரத்தோடு.