அமெரிக்காவில் பெண்களுக்கு ஐஸ் ஹாக்கி அணி வைத்த முதல் பல்கலைக்கழகம் எது? அந்த அணி எப்படி உருவானது?

முதல் கேள்விக்கு ஒரு வரி போதும். ரோட் ஐலண்ட் மாநிலத்தில், பிராவிடன்ஸ் நகரத்தில் இருக்கும் பிரவுன் பல்கலைக்கழகம். வருடம் 1964. இரண்டாவது கேள்விக்குத்தான் உட்கார்ந்து பேச வேண்டும். ஏனென்றால் "அணி வைத்த" என்று கேட்டிருக்கிறீர்களே, அங்கே பல்கலைக்கழகம் தானாக முன்வந்து ஒன்றும் வைத்துவிடவில்லை.

நான் கோவில்பட்டிக்காரன். ஹாக்கி எங்களுக்குப் புதிதில்லை. ஆனால் எங்கள் ஹாக்கிக்கு மண் தரையும் முழங்கால் சிராய்ப்பும்தான் அடையாளம். வேலை நிமித்தம் பிராவிடன்ஸ் பக்கம் ஆறு வருடம் இருந்தபோதுதான் இந்தப் பனிக்கட்டி ஹாக்கி வீட்டுக்குள் நுழைந்தது. மகளுக்கு அப்போது எட்டு வயது. வகுப்புத் தோழி ஆடுகிறாள், நானும் ஆடுவேன் என்றாள். சரி, இரண்டு வாரத்தில் அலுத்துவிடும் என்று நினைத்தேன். அலுக்கவில்லை. பந்துக்குப் பதில் மூன்று அங்குல அகலம், ஒரு அங்குல தடிமனில் ஒரு கெட்டி ரப்பர் வில்லை. அதற்கு 'பக்' என்று பெயர். ஒரு பக்கத்துக்குக் கோலி, அதாவது கோல் காப்பாளரோடு சேர்த்து ஆறு பேர். இருபது இருபது நிமிடமாக மூன்று பகுதி. விதிகள் அவ்வளவு சிக்கலில்லை. செலவும் நாற்றமும்தான் சிக்கல். நனைந்த கையுறையும் கால் கவசமும் காருக்குள் ஒரு ராத்திரி இருந்தால் என்ன ஆகும் என்பதை ஹாக்கிப் பிள்ளை வைத்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

அந்த வீடுகளில் அதிகம் அடிபடும் வார்த்தை 'ஐஸ் டைம்'. பனித்தளத்தை மணிக்கணக்கில் பங்கு போட்டுக் கொடுப்பார்கள். நல்ல நேரமெல்லாம் பெரிய அணிகளுக்கு, பழைய அணிகளுக்கு. மிச்சம்தான் மற்றவர்களுக்கு. எங்களுக்கு வந்தது ஞாயிற்றுக்கிழமை காலை 5.50. இருட்டில் கார் கண்ணாடியில் உறைந்ததைச் சுரண்டிக்கொண்டே, யாருக்கு எந்த நேரம் என்று எவன் முடிவு செய்கிறான் என்று முணுமுணுத்திருக்கிறேன். பிரவுன் பெண்கள் அணியின் கதையைப் பிறகு படித்தபோது எனக்கு அந்தச் சுரண்டல் சத்தம்தான் ஞாபகம் வந்தது.

1964இல் பிரவுன் ஆண்களுக்கான கல்லூரி. பெண்களுக்கு அதோடு சேர்ந்தாற்போல் பெம்புரோக் என்று தனிக் கல்லூரி. 1891இல் தொடங்கியது, 1928இல் பெம்புரோக் என்ற பெயர் வந்தது. ஆண்களுக்கு ஹாக்கி அணி உண்டு, பயிற்சியாளர் உண்டு, அறுபதுகளின் தொடக்கத்தில் கட்டிய மீஹன் அரங்கம் உண்டு. பெண்களுக்கு இதில் ஒன்றும் கிடையாது.

அந்த வருடம் ஆண்கள் அணியின் பயிற்சி ஒன்றில் முழுக் கவசத்தோடும் தலைக்கவசத்தோடும் ஒரு புதுமுகம் பனியில் இறங்கியது. நன்றாகவே ஆடியது. கடைசியில் தலைக்கவசத்தைக் கழற்றினால், பெண்! பெம்புரோக் மாணவி நான்சி ஷீஃபலின். பயிற்சியாளர் ஜிம் ஃபுல்லர்ட்டனுக்கு இது முன்கூட்டியே தெரியும், அவரும் கூட்டுத்தான் என்பார்கள். இந்தக் கதையை எல்லாரும் ஆள்மாறாட்ட வேடிக்கையாகச் சொல்லிச் சிரிப்பார்கள். எனக்கு அதில் பிடித்தது வேறு. "பெண்களால் ஆட முடியுமா" என்று கூட்டம் போட்டு விவாதித்திருந்தால் பத்து வருடம் ஓடியிருக்கும். அந்தப் பெண் அந்தக் கேள்வியை யாரும் கேட்பதற்குள்ளேயே ஆடி முடித்துவிட்டாள்.

அப்படி உருவானதுதான் 'பெம்புரோக் பாண்டாஸ்'. பிரவுனின் சின்னம் கரடி, அதனால் பெண்கள் பாண்டா கரடி ஆனார்கள். பெயரிலேயே கொஞ்சம் பொம்மைத்தனம் இருக்கிறது, என்ன செய்வது, காலம் அப்படி. அணி என்று பெயர்தான், கையில் காசில்லை. பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து ஆட்டங்களுக்கு வருகிற கூட்டத்திடம் மழையாடை விற்று அந்தப் பணத்தில் சாமான் வாங்கினார்கள். பிராவிடன்ஸ் இலையுதிர்கால வானத்தைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், வியாபாரம் மோசமாக இருந்திருக்காது.

அடுத்த சங்கடம், யாரோடு மோதுவது? அமெரிக்காவில் முதல் கல்லூரி அணி என்றால் எதிரே நிற்க இன்னொரு கல்லூரி அணி இல்லை என்றுதானே அர்த்தம். (கனடாவில் கதையே வேறு. குயீன்ஸ், மெக்கில் பல்கலைக்கழகங்களில் 1890களிலேயே பெண்கள் ஆடியிருக்கிறார்கள். அதனால் 'உலகத்திலேயே முதல்' என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள்.) 1966இல் பாண்டாக்களின் முதல் ஆட்டம் மாசசூசெட்ஸில் வால்போல் என்கிற ஊரின் பெண்கள் அணியோடு நடந்தது. அந்த அணியின் பெயர் 'ப்ரூம்ஸ்', அதாவது துடைப்பங்கள். பாண்டாக்கள் தோற்றார்கள். துடைப்பத்தால் பெருக்கி எடுத்தார்கள் என்று அந்த ஊர்க்காரர்கள் நிச்சயம் சொல்லிச் சிரித்திருப்பார்கள்.

1971இல் பெம்புரோக் பிரவுனோடு இணைந்தது. 1972இல் 'டைட்டில் ஒன்பது' என்ற மத்தியச் சட்டம் வந்தது. அரசின் பணம் வாங்கும் கல்வி நிலையம் ஆண் பெண் வித்தியாசம் பார்க்கக் கூடாது என்பது சட்டம். விளையாட்டும் அதில் சேர்த்தி. எழுபதுகளில் கார்னெல், பிரின்ஸ்டன், யேல், ஹார்வர்ட் என்று மற்ற பெரிய கல்லூரிகளிலும் பெண்கள் அணிகள் வந்தன. 1976இல் ஐவி லீக் (பிரவுனும் இந்த நான்கும் அடங்கிய பழைய கிழக்கத்திய பல்கலைக்கழகக் கூட்டமைப்பு) கல்லூரிகளுக்குள் முதல் பெண்கள் போட்டி நடந்தது. கோப்பை கார்னெலுக்கு. எதையும் முதலில் தொடங்குகிறவர்களுக்கு வாய்க்கிற தலையெழுத்து பிரவுனுக்கு அப்போதே எழுதியாகிவிட்டது என்று நினைக்கிறேன்.

எழுபது, எண்பதுகளை இங்கே வேகமாகத் தாண்டிவிடலாம். எண்பதுகளின் கடைசியில் டிஜிட் மர்ஃபி தலைமைப் பயிற்சியாளர் ஆனார். ரோட் ஐலண்ட்காரர், கார்னெலில் ஆடியவர். 2011 வரை அவர்தான். 318 வெற்றிகள். அவர் காலம்தான் பிரவுனின் பொற்காலம்.

ஆனால் அந்தப் பொற்காலத்தின் நடுவில்தான் பிரவுன் நீதிமன்றத்தில் நின்றது. 1991இல் செலவைக் குறைக்கிறோம் என்று நான்கு அணிகளுக்கு நிதியை நிறுத்தினார்கள். பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ், பெண்கள் கைப்பந்து, ஆண்கள் கோல்ஃப், ஆண்கள் வாட்டர் போலோ. பார்த்தால் இரண்டுக்கு இரண்டு, நியாயம்தானே என்று தோன்றும். கணக்கை விரித்துப் பார்த்தால் பெண்கள் அணிகளில் மிச்சமானது 62,000 டாலருக்கு மேல், ஆண்கள் அணிகளில் 16,000 டாலர்கூட இல்லை. ஏமி கோஹன் என்ற ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனையும் மற்றவர்களும் வழக்குப் போட்டார்கள். 1993-94 கணக்குப்படி மாணவர்களில் பெண்கள் 51 சதவீதம். விளையாட்டு அணிகளில் 555 ஆண்கள், 342 பெண்கள்.

பல்கலைக்கழகம் வைத்த வாதங்களில் ஒன்று: ஆண்கள் அளவுக்குப் பெண்களுக்கு விளையாட்டில் ஆர்வம் இல்லை, அந்த ஆர்வத்துக்குத் தக்க இடம் கொடுத்தால் போதும். இதைச் சொன்னது எந்தப் பல்கலைக்கழகம் பாருங்கள். ஆண் வேடம் கட்டி ஒரு பெண் பனியில் இறங்கியதும், மழையாடை விற்றுப் பெண்கள் சாமான் வாங்கியதும் இவர்கள் வளாகத்தில்தான். அந்த ஹாக்கி வழக்கில் இல்லை. ஆனால் அந்த வாதத்துக்குப் பதில் முப்பது வருடமாக அவர்களுடைய சொந்த அரங்கத்திலேயே சறுக்கிக்கொண்டிருந்தது. மேல்முறையீட்டு நீதிமன்றமும் 1996இல் அந்த வாதத்தை ஏற்கவில்லை. ஆர்வமும் திறமையும் வெறும் வெளியில் முளைப்பதில்லை, வாய்ப்பும் அனுபவமும் கிடைத்தால்தான் வளரும் என்பது தீர்ப்பின் சாரம். 1997இல் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்துவிட்டது. 1998இல் சமரச ஒப்பந்தம். அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டு பற்றிப் பேசும் வக்கீல்கள் இன்றைக்கும் எடுத்துக்காட்டும் வழக்கு இது.

அதே 1998 பிப்ரவரியில் ஜப்பானின் நகானோவில் குளிர்கால ஒலிம்பிக். பெண்கள் ஐஸ் ஹாக்கிக்கு முதல் ஒலிம்பிக் அது. இறுதியில் அமெரிக்கா 3, கனடா 1. தங்கம் வென்ற அணியில் கேட்டி கிங், டாரா மவுன்சி இருவரும் பிரவுன். எதிரே கனடாவின் தடுப்பில் நின்ற பெக்கி கெல்லரும் பிரவுன். அவர் பிற்பாடு 2002, 2006, 2010 என மூன்று தங்கம் வாங்கினார். மவுன்சியின் கதையைத்தான் என் மகள் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்வாள். பள்ளியில் ஆண்கள் அணியிலேயே ஆடி, அந்த அணி மாநிலக் கோப்பை வாங்கியது. இந்தத் தடவை தலைக்கவசத்துக்குள் ஒளிந்துகொள்ள வேண்டிய தேவை இல்லை.

ஒலிம்பிக் முடிந்த அடுத்த மாதம் பாஸ்டனில் கல்லூரிப் பெண்களுக்கான முதல் தேசியச் சாம்பியன் போட்டி. பிரவுன் இறுதிக்கு வந்தது. நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்திடம் 4-1 என்று தோற்றது. 2000இல் மறுபடி இறுதி, மினசோட்டாவிடம் 4-2. அந்த வருடம் நாட்டின் சிறந்த கல்லூரி வீராங்கனைக்கான பேட்டி காஸ்மையர் விருது பிரவுனின் கோலி அலி ப்ரூவருக்குக் கிடைத்தது, கோப்பை கிடைக்கவில்லை. 2001இல் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் தேசிய அமைப்பான என்சிஏஏ தேசியப் போட்டியைத் தானே நடத்தத் தொடங்கியது. 2002இல் பிரவுன் மூன்றாவது முறை இறுதிக்கு வந்து, மினசோட்டா பல்கலைக்கழகத்தின் டுலுத் வளாக அணியிடம் 3-2 என்று ஒரே கோலில் விட்டது. நான்கு வருடம், மூன்று இறுதி, மூன்றிலும் தோல்வி. அதற்கப்புறம் அந்த மேடைப் பக்கமே பிரவுன் வரவில்லை.

ஏன் என்று கேட்டால், என் கணிப்பு இது. ஐவி லீக் கல்லூரிகள் விளையாட்டுக்காக உதவித்தொகை தருவதில்லை. நடுமேற்கு மாநிலப் பல்கலைக்கழகங்கள் தரும். மினசோட்டா 1997இல் அணி தொடங்கியது, டுலுத்தும் விஸ்கான்சினும் 1999இல். வந்தவுடனே பணமும் அரங்கமும் ஆளும் இறக்கினார்கள். 2001 முதல் 2013 வரை தேசியக் கோப்பை இந்த மூன்றின் கையை விட்டு வெளியே போகவில்லை. விஸ்கான்சின் மட்டும் 2025 வரை எட்டு முறை வென்றிருக்கிறது. பிரவுனைவிட முப்பத்தைந்து வருடம் பிந்தி வந்தவர்கள்! இதில் எனக்கு வருத்தமெல்லாம் இல்லை. டைட்டில் ஒன்பது வேலை செய்தால் இப்படித்தான் ஆகும். கதவைத் தள்ளித் திறந்தவர்களைத் தாண்டிக்கொண்டு நல்ல செருப்புப் போட்டவர்கள் முன்னே போவார்கள். ஆனால் தொண்ணூறுகளில் வழக்குக்காக வக்கீல்களுக்குச் செலவழித்த பணத்தைப் பிரவுன் பெண்கள் விளையாட்டுக்கே கொடுத்திருக்கலாமே என்ற எரிச்சல் உண்டு.

நாங்கள் மீஹன் அரங்கத்துக்கு ஒரு சனிக்கிழமை பிற்பகல் போனோம். ஹோப் தெருவில், குவிமாடம் போட்ட வட்டக் கட்டடம். கூட்டம் பெரிதாக இல்லை. உள்ளே குளிர் தரையிலிருந்து ஏறி முதலில் பாதத்தைப் பிடிக்கும். பக் போய்ப் பலகையில் மோதினால் காலி அரிசி டிரம்மை எட்டி உதைத்த மாதிரி ஒரு சத்தம். முதல் தடவை நான் குதித்துவிட்டேன். மகள் கண்ணாடித் தடுப்பில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றாள். தலைக்கவசத்துக்குக் கீழே எல்லாருக்கும் சடையும் குதிரைவாலும் தொங்குவதைப் பார்த்துவிட்டு, "அப்பா, இவங்களுக்கு எத்தனை மணிக்கு ஐஸ் டைம்?" என்று கேட்டாள்.

"மத்தியானம்" என்றேன்.

"மத்தியானமா!" என்றாள். அவ்வளவு பொறாமையை அந்த முகத்தில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அன்றைக்குப் பிரவுன் தோற்றது. நீங்கள் அந்தப் பக்கம் போனால் ஒரு ஆட்டம் பாருங்கள், போகும்போது மறக்காமல் ஒரு போர்வையும் தடித்த காலுறையும் எடுத்துக்கொள்ளுங்கள்.