டர்ரெட் பின்னால் போனால் எக்ஸ் திரும்பிவிடுமா?

கேள்வி: கோவை கணபதியில் ஜாப் வொர்க் செய்கிறேன். இதுவரை ஃபிளாட் பெட் சிஎன்சி லேத். டூல் என் பக்கம் இருக்கும். போன மாதம் ஒரு பழைய ஸ்லான்ட் பெட் (சாய்ந்த படுகை) லேத் வாங்கினேன். இதில் டர்ரெட் (டூல்கள் பூட்டிய சுழலும் தலை) ஜாபுக்குப் பின்னால் இருக்கிறது, கண்ட்ரோல் ஃபானக் கம்பெனியுடையது. பழைய பம்ப் ஷாஃப்ட் புரோகிராமை ஏற்றினால் ஃபினிஷிங் டூல் ஜாபைத் தொடாமல் காற்றில் ஓடுகிறது. ஜி42-ஐ (டூல் முனையின் உருண்டையைக் கணக்கில் எடுக்கச் சொல்லும் கட்டளை) எடுத்துவிட்டால் தொடுகிறது, ஆனால் 1 மி.மீ. சாம்ஃபர் (விளிம்புச் சரிவு) அரை மி.மீ.தான் விழுகிறது. ஆபரேட்டர் ஜி42-ஐத் திரும்பப் போட்டு எக்ஸ் ஆஃப்செட்டில் (டூலுக்கான திருத்த அளவு) மைனஸ் 3.2 கொடுத்தார், டயா சரியாகிவிட்டது. மெஷின் வாங்கித் தந்த புரோக்கர், எக்ஸ் திசையை மாற்றி, கேம் சாஃப்ட்வேருக்குப் (படத்திலிருந்து புரோகிராம் போடுவது) புது போஸ்ட் (அதை மெஷின் மொழிக்கு மாற்றும் பகுதி) எழுத வேண்டும், 20 ஆயிரம் ஆகும் என்கிறார். செய்யலாமா?

பதில்: வேண்டாம். மெஷினில் கோளாறு இல்லை. நீங்கள் அனுப்பிய ஆஃப்செட் பேஜ் படத்தில் அந்த டூலுக்கு நேரே ஆர் என்ற கட்டத்தில் 0.8 இருக்கிறது. சரி. பக்கத்தில் டி என்ற கட்டத்தில் 2 இருக்கிறது. அங்கே 3 இருக்க வேண்டும். முன்பு வைத்திருந்தவர் அந்த ஸ்டேஷனில் போரிங் பார் (உள் டயா கடையும் டூல்) போட்டு ஓட்டியிருப்பார், அந்த நம்பர் அப்படியே தங்கிவிட்டது.

அச்சு விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். எந்த லேத்தானாலும் இசட் ஸ்பிண்டில் வாக்கில் ஓடும்; சக்கை (ஜாபைப் பிடிக்கும் சக்) விட்டு விலகினால் பிளஸ். டூல் ஜாபின் மையத்தை விட்டு விலகினால் எக்ஸ் பிளஸ். 'என் பக்கம்', 'அந்தப் பக்கம்' என்ற பேச்சே இதில் கிடையாது. பழைய லேத்தில் விலகும் டூல் உங்கள் வயிற்றை நோக்கி வரும், புதியதில் உங்களை விட்டுத் தள்ளிப் போகும். இரண்டும் பிளஸ்தான். ஆகவே புரோகிராமில் ஜி2, ஜி3 (வளைவின் திசை), ஜி41, ஜி42 (டூல் பாதைக்கு இடப்பக்கமா, வலப்பக்கமா) எதையும் மாற்ற வேண்டாம். சாஃப்ட்வேர் திரையில் டூல் மேலே தெரிவதும் கீழே தெரிவதும் நாம் எங்கே நின்று பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. குழப்பமாக இருந்தால் காகிதத்தில் ஜாபின் மேல்பாதியை மட்டும் வரைந்து, டூலை மேலே வைத்துப் பாருங்கள். சக்கை நோக்கி வெளி டயா கடையும்போது டூல் பாதைக்கு வலப்பக்கம் இருக்கும். அதுதான் ஜி42.

இனி அந்த டி நம்பர். இன்சர்ட்டின் (டூல் நுனியில் வெட்டும் கார்பைடு துண்டு) மூக்கு உருண்டை. ஆஃப்செட் எடுக்கும்போது மூக்கின் ஒரு புள்ளி டயாவையும் இன்னொரு புள்ளி ஃபேஸையும் (ஜாபின் முன்முகம்) தொடுகிறது. இரண்டும் சேரும் மூலையில் கார்பைடே கிடையாது, வெறும் காற்று. ஆனால் கண்ட்ரோல் அந்தக் காற்று மூலையைத்தான் டூல் முனை என்று நினைக்கிறது. நேர்க்கோட்டில் டயாவோ ஃபேஸோ எடுத்தால் தப்பு தெரியாது. சாம்ஃபரில் தெரியும்: ஆர் 0.8 உள்ள இன்சர்ட்டில், ஜி42 இல்லாமல் 1 மி.மீ. 45 டிகிரி சாம்ஃபர் போட்டால் 0.53 தான் வரும். உங்களுக்கு வந்ததும் அதுதான்.

ஜி42 போட்டால் அந்த மூலையிலிருந்து மூக்கின் மையம் எங்கே என்று கண்ட்ரோலுக்குத் தெரிய வேண்டும். எவ்வளவு தூரம் என்பதை ஆர் சொல்கிறது, எந்தப் பக்கம் என்பதை டி சொல்கிறது. வெளி டயா டூலின் முனை எக்ஸ் மைனஸ், இசட் மைனஸ் பக்கம் பார்க்கும்: 3. போரிங் பாரின் முனை எக்ஸ் பிளஸ், இசட் மைனஸ்: 2. நீங்கள் 2 என்று சொன்னதால் கண்ட்ரோல் மையத்தை எதிர்ப்பக்கம் வைத்துக்கொண்டு, டூலை ஆர் மாதிரி இரண்டு மடங்கு விலக்கிவிட்டது. டயாவில் அது நாலு மடங்கு. 0.8 இன்ட்டு 4, அதாவது 3.2. ஆபரேட்டர் கண்டுபிடித்த அதே 3.2.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மைனஸ் 3.2 கண்ணிவெடி. ஜி42 இருக்கும்வரை ஜாப் சரியாகவே வரும். என்றைக்காவது அதே டூலில் ஜி42 இல்லாத சின்ன புரோகிராம் ஒன்றை ஓட்டினால் 25 மி.மீ. ஷாஃப்ட் 21.8 ஆக வந்து நிற்கும். பழியும் மெஷின் மேல் விழும்.

புரோக்கர் சொல்லும் 'எக்ஸ் திசை மாற்றுவது' இதைவிட மோசம். ஃபானக்கில் 2022 என்ற பாராமீட்டரில் 111-ஐ மைனஸ் 111 ஆக்கினால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். ஹோம் (மெஷினின் தொடக்கப் புள்ளி), லிமிட் (ஓட்ட எல்லை), டர்ரெட் எதுவும் அந்த மாற்றத்துக்கு ஏற்ப நகர்ந்து உட்காராது. முதல் ஹோமிங்கிலேயே இடிக்கலாம். இடித்தால் வந்து நிற்கப்போவது அவர் இல்லை. பாராமீட்டரில் யாரையும் கை வைக்க விடாதீர்கள். இன்றே பேக்கப் எடுத்து உங்கள் கையில் வைத்திருங்கள். போஸ்ட் எழுதும் கதையும் இப்படித்தான். கையால் எழுதிய பழைய புரோகிராமிலேயே வரும் தப்பைப் போஸ்ட் எப்படித் திருத்தும்?

இவர்களுக்குப் பிழைப்பு கொடுப்பது நம் பயிற்சி முறைதான். மூன்று மாதக் கோர்ஸில் ஜி கோடு பட்டியலை ஒப்பிக்க வைக்கிறார்கள், சிமுலேட்டரில் பச்சைக் கோடு ஓடினால் சர்டிஃபிகேட் கொடுத்துவிடுகிறார்கள். ஆஃப்செட் பேஜில் கடைசிக் கட்டம் எதற்கு என்று சொல்லித்தர ஒரு மணி நேரம் கிடைக்கவில்லை. மேனுவலில் படம் போட்டே இருக்கிறது, அந்த மேனுவல் அலமாரியில் பிளாஸ்டிக் உறையோடு தூங்குகிறது.

நம்பர் உண்மையிலேயே மாறும் இடம் ஒன்று உண்டு, இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள். டர்ரெட் இல்லாத கேங் டூல் மெஷின்களில் ஒரே பலகையில் ஜாபுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் டூல் கட்டுவார்கள். பலகை ஒன்று, எக்ஸும் ஒன்று. இந்தப் பக்க டூல் எக்ஸ் பிளஸில் வெட்டினால், அந்தப் பக்க டூல் மையத்தைத் தாண்டி எக்ஸ் மைனஸில் வெட்டும். அதே வெளி டயா டூல்தான், ஆனால் அதன் முனை இப்போது எக்ஸ் பிளஸை நோக்குகிறது. எனவே அதற்கு 3 இல்லை, 2. ஜி42 இல்லை, ஜி41. புரோகிராமில் டயாவும் மைனஸில் எழுத வேண்டும். வளைவு இருந்தால் ஜி2-ம் ஜி3-ம் இடம் மாறும். எல்லாவற்றையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். ஒன்றை விட்டாலும் ஜாப் போய்விடும். உங்கள் ஸ்லான்ட் பெட்டுக்கு இது பொருந்தாது. பக்கத்து ஷெட்டில் கேங் மெஷின் வைத்திருப்பவர் '2 தான் சரி' என்று சொன்னால், அவர் மெஷினில் அது சரியாகவே இருக்கும்.

இந்த நம்பர்கள் ஃபானக்குக்கு. வேறு கண்ட்ரோலில் வரிசை வேறாக இருக்கலாம். நம்பரை மனப்பாடம் செய்யாமல் மேனுவல் படத்தில் முனை பார்க்கும் திசையை ஒப்பிடுங்கள். அப்புறம், கேம் சாஃப்ட்வேரில் மூக்கு ரேடியஸ் கணக்கை 'கம்ப்யூட்டர்' என்று வைத்திருந்தால் ஜி42 வரக்கூடாது. வந்தால் கணக்கு இரண்டு தடவை விழும்.

திருத்தும்போது வரிசை முக்கியம். முதலில் அந்த மைனஸ் 3.2-ஐ எடுங்கள், பிறகு 2-ஐ 3 ஆக்குங்கள். நம்பரை மட்டும் மாற்றிவிட்டு 3.2-ஐ மறந்தால் டூல் அவ்வளவும் உள்ளே இறங்கிவிடும். ஜாப் இல்லாமல் சிங்கிள் பிளாக்கில் (ஒவ்வொரு வரியாக) ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். ஸ்பிண்டில் சுற்றும் திசை இன்சர்ட்டின் முகத்துக்கு எதிராக வருகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். மற்ற ஸ்டேஷன்களின் டி கட்டத்தையும் ஒரு முறை சரிபாருங்கள். போரிங் பாருக்கு 3 இருந்தால் உள் டயா ஆரின் நாலு மடங்கு சிறிதாக வரும்.